மறு உத்தரவு வரும்வரை

"இன்னிக்கே சொல்லியாவணுமா?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

"நாளைக்குச் சொல்றேன்னா?"

"நாளைக்கு அந்த வேலை வேற யாருக்காவது போயிரும்."

"சரி, நீ என்னா நெனைக்கற?"

"நீங்க என்னா நெனைக்கறீங்க?"

"நான் கேட்டதையே திருப்பிக் கேக்கற பாத்தியா. அதுவும் வாய்க்குள்ளயே பேசற. சத்தமாப் பேசு மதி, ஒண்ணும் கேக்கல."

"சத்தமாத்தாங்க பேசறேன்."

பக்கத்து இருக்கையில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "போன்ல பேசறியா, சாமி கும்புடறியா பாப்பா?"

வெண்மதிக்குச் சிரிப்பு வந்தது. அதையும் சத்தமில்லாமல்தான் சிரித்தாள்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் எட்டேகால் பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. கீழே தண்ணீர், யாரோ விரித்துப்போட்டுவிட்டு மறந்துபோன புடவைபோல வெயிலில் கிடந்தது. போனின் மறுமுனையில் சிங்கப்பூர். கப்பல் பட்டறையில் தேநீர் இடைவேளை. தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரவன் பேசுவான். திருமணமான மூன்றாவது மாதம் கிளம்பிப் போனவன். இந்த மூன்று வருடத்தில் இருவரும் சேர்ந்து இருந்த நாட்களை மாதக் காலண்டரின் ஐந்து தாள்களில் அடக்கிவிடலாம்.

வெண்மதிக்கு மெடிக்கல் கோடிங் வேலை. எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தால், அந்த விழுதலுக்கு உரிய எண்ணைத் தேடி எழுத வேண்டும். மூன்று வருடமாக மாமியார் வீட்டு அறையொன்றில் உட்கார்ந்து அதைத்தான் செய்துவந்தாள். போன வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து வந்த மின்னஞ்சல், அவளுடைய குழுவை இந்த மாதக் கடைசியோடு கலைப்பதாகச் சொன்னது. இரண்டு நாள் கழித்துக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அதே வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், அல்லது தினமும் அலுவலகம் வரலாம். சம்பளம் இரண்டுக்கும் ஒன்றுதான். 'அரை நாள் வந்து உக்காந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க' என்றிருந்தார் மேலாளர் கலைமணி.

"வீட்லயே இருந்தா அம்மாவுக்கும் ஒரு துணை," என்றான் கதிரவன்.

"துணையா? அவுங்களுக்கு நான் இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். ஒரு நாளைக்கு என்கிட்ட பத்து வார்த்தை பேசுனா ஜாஸ்தி."

"யாரு, எங்கம்மாவா? எங்கப்பா தூக்கத்துலயே ஸ்டாப்பிங் பேரக் கத்துவாரு. நாங்க பேசற சத்தத்துல தெருவுல நாய்கூட படுக்காது."

மணி அடித்தது. கதிரவன் தலைக்கவசத்தை மாட்டப் போய்விட்டான்.

அவன் சொல்லும் வீடு வேறு எங்கோ இருக்கிறது என்று வெண்மதிக்கு எப்போதும் தோன்றும். அதே தெரு, அதே கதவு எண், ஆனால் வேறு ஏதோ வீடு. அவள் இருக்கும் வீட்டில் கரண்டியைக்கூடத் துணி விரித்துத்தான் வைப்பார்கள். மாமனார் கண்ணாயிரம் தொலைக்காட்சியில் செய்தியை ஊமைப்படமாகப் பார்ப்பார். மாமியார் இருசம்மாள் சோற்றுத்தட்டை அவள் அறைக் கதவருகே வைத்துவிட்டு நிழல்போலப் போய்விடுவாள். கோபம் இல்லை, குறை இல்லை. பேச்சு இல்லை, அவ்வளவுதான்.

பிடிக்காத மருமகளிடம் சிலர் சண்டை போடுவார்கள். இவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். அப்படித்தான் அவள் முடிவுகட்டியிருந்தாள்.

அதனால்தான் அலுவலகம். போகவர மூன்று மணி நேரம் போனாலும் பரவாயில்லை. யாராவது ஒருவர் அவளைப் பார்த்து வாய்விட்டு, 'சாப்டியா?' என்று கேட்டால் போதும்.

பையில் தடிமனான மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று இருந்தது. அதில் நூறு பக்கமாகப் பனி பெய்துகொண்டிருந்தது. கடிதமே வராத ஊரில் ஒரு தபால்காரன் தினமும் சீருடை போட்டுக்கொண்டு கிளம்புகிறான். புதுச்சத்திரம் வந்தது, ஆலப்பாக்கம் வந்தது. நடத்துனர் ஊர்ப்பெயர்களைக் கத்தக் கத்த, புத்தகத்தின் பனிக்குள் ஒவ்வொருவராக இறங்கிப் போவதுபோல் அவளுக்கு இருந்தது.

* * *

அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. பன்னிரண்டு பேர். ஜன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம் கிளையை உள்ளே நீட்டட்டுமா என்று கேட்பதுபோல் நின்றது.

"சாப்டீங்களா?" இதுதான் முதல் கேள்வி. கேட்டவர் கலைமணி. நாற்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார்.

வெண்மதி தலையாட்டினாள். "சாப்ட்டேன் மேடம்."

"என்னது?"

"சாப்ட்டேன்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க வெண்மதி. இங்க மெதுவாப் பேசுனா யாரும் மதிக்க மாட்டாங்க."

பக்கத்து மேசை அன்பரசு தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, ஒரு டவுட்டு. வாத்து கடிச்சதுக்குக் கோடு இருக்கு. மாமியார் கடிச்சதுக்கு இருக்கா?"

"ஒங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆவலியே அன்பு," என்றது இன்னொரு மேசை.

"முன்னாடியே தெரிஞ்சு வச்சிக்கறது நல்லதுதான?"

அறை முழுக்கச் சிரிப்பு. வெண்மதியும் சிரித்தாள். இந்த முறை சத்தம் வந்தது. தன் சிரிப்பைக் கேட்டு அவளே ஒரு நொடி யாரென்று திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் வேலை ஓடவில்லை. ஒருவர் விரலால் மேசையில் தாளம் போட்டார். ஒருவர் சாம்பார் டப்பாவைத் திறந்தார். ஒருத்தி போனில் தன் தங்கையைத் திட்டி முடித்து, சமாதானமாகி, மறுபடி திட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு சத்தமும் வெண்மதியின் விரலைப் பிடித்து நிறுத்தியது. மூன்று வருடம் கடலடியில் இருந்தவளைத் திடீரென்று கரையில் தூக்கிப் போட்டதுபோல் இருந்தது. மூச்சு விடலாம்தான். ஆனால் காதுக்குள் எல்லாம் மோதுகிறது.

ஒரு மணிக்குக் கலைமணி அவள் செய்த கணக்கைப் பார்த்தார். "வீட்ல இருந்தா இந்நேரத்துக்கு முப்பது ரிப்போர்ட் முடிப்பீங்கன்னு போட்டிருக்கீங்க. இன்னிக்குப் பன்னெண்டு."

"பழகிரும் மேடம்."

"பழகும். ரெண்டு மாசம் ஆவும். இல்ல, வீட்ல இருந்தே பாக்கறேன்னாலும் எனக்குச் சரிதான். அஞ்சு மணிக்கு நான் கூப்புடுவேன். வீடுன்னு சொன்னீங்கன்னா அப்படியே பத்து நிமிஷம் லைன்ல இருக்கணும். நோயாளிங்க விவரம் பேசற வேலை இது. பின்னாடி ஒரு ஆள் குரல், ஒரு பாத்திரச் சத்தம் கேக்கக் கூடாது. கேட்டுச்சுன்னா ஆபீசுதான். அது என் கையில இல்ல, ரூல்."

"எங்க வீட்ல சத்தமே கேக்காது மேடம்," என்றாள் வெண்மதி.

சொன்ன பிறகு, யாரோ இறந்துபோன செய்தியைச் சொன்னதுபோல் அவளுக்கு இருந்தது.

* * *

திரும்பி வரும் பேருந்தில் சன்னலோரம் கிடைத்தது. புத்தகத்தைத் திறக்கவில்லை. காற்று கண்ணை மூடியது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே மஞ்சக்குப்பத்து மரமும் பனிவிழும் ஊரும் கலந்து, தபால்காரன் கடலூர் மாடிப்படியில் ஏறி வந்து, 'சாப்டியா?' என்று எழுதிய ஒரே ஒரு கடிதத்தை நீட்டினான்.

மேம்பாலம் இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது மூன்று மணி ஆகவில்லை. ஆறு மணிக்கு வருவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

வீட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். நின்றவள் கதவு எண்ணைப் பார்த்தாள். எண் சரியாகத்தான் இருந்தது.

உள்ளே மிக்ஸி கர்ஜித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே வானொலி. அதற்கும் மேலே ஒரு ஆணின் குரல், நெடுஞ்சாலையில் தூரத்து ஆளைக் கூப்பிடும் குரல்.

"முட்லூரு, முட்லூரு! கொல்லைக்குப் போறவுங்கல்லாம் எறங்கு! ஏ இருசு, போற வழியில புதுச்சத்திரத்துல ஒரு சொம்பு தண்ணி எறக்கிட்டுப் போ!"

"புதுச்சத்திரத்துல ஒரு கெழவன் சாஞ்சு கெடக்கான். எழுந்திரிச்சு வந்து மொண்டுக்கச் சொல்லு!"

"வண்டி பொறப்பட்டாச்சு, நடுவுல நிக்காது!"

"நிக்காத வண்டில நான் ஏன் ஏறப்போறேன்? முப்பது வருசமா ஏறி இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம்!"

பிறகு இரண்டு பேர் சிரிக்கும் சத்தம். ஒன்று கண்ணாயிரத்தின் சிரிப்பாக இருக்க வேண்டும். முப்பது வருடம் சிதம்பரம் கடலூர் வழித்தடத்தில் நடத்துனராக இருந்தவர் என்று தெரியும். அவர் குரல் இவ்வளவு பெரியது என்று தெரியாது. இன்னொன்று இருசம்மாளின் சிரிப்பு. அதை அவள் கேட்டதே இல்லை. சின்னப் பெண்ணின் சிரிப்புப்போல, முடிகிற இடத்தில் ஒரு விக்கலோடு இருந்தது.

கதிரவன் சொன்ன வீடு இதுதான். அது வேறெங்கும் இல்லை. அவள் இல்லாத நேரத்தில் இங்கேயேதான் இருக்கிறது.

வெண்மதி கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். வெயில் கம்பியில் சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

"என்னா வெண்மதி, ஒங்க வீட்டு வாசல்ல விருந்தாளியாட்டம் நிக்கற?" பக்கத்து வீட்டு மாலதி மதில்மேல் தலையை நீட்டினாள். "இன்னிக்குத்தான் எங்க மிக்ஸிக்கு லீவு. ஒங்க வீட்ல ஒரே திருவிழாவா இருக்கு."

"ஒங்க மிக்ஸிக்கு ஏங்க்கா லீவு?"

"ஒங்கத்த தெனம் பதினோரு மணிக்கு எங்க வீட்டுக்கு வந்துதான அரைச்சிட்டுப் போவும்? எத்தன வருசமா. ஒனக்குத் தெரியாதா என்னா?"

வெண்மதிக்குத் தெரியாது. கேட்டைத் தள்ளினாள். அது கிறீச்சிட்டது.

மிக்ஸி நின்றது. வானொலி நின்றது. பாதி வாக்கியத்தில் ஒரு குரல் நின்றது. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் வீடு பழைய வீடாகிவிட்டிருந்தது.

"வந்துட்டியாம்மா," என்றாள் இருசம்மாள், சமையலறை வாசலில், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில். முந்தானையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது.

"ம்."

அவ்வளவுதான். வெண்மதி தன் அறைக்குப் போய்ப் பையை வைத்தாள். அறை எப்போதும் இருட்டு. ஒரே ஜன்னல், அதுவும் மாலதி வீட்டு மதிலைப் பார்த்து. கை பழக்கத்தில் டியூப்லைட்டைப் போட்டது.

பீரோ கண்ணாடியில் கூடம் தெரிந்தது. கூடத்தில் கண்ணாயிரம். லைட் எரிந்த அதே நொடி, சமையலறைப் பக்கம் திரும்பி அவர் ஒரு விரலைத் தூக்கினார்.

வெண்மதி கண்ணாடியையே பார்த்தபடி லைட்டை அணைத்தாள். கண்ணாயிரம் இரண்டு விரலைத் தூக்கினார். சமையலறையில் ஒரு பாத்திரம் தாராளமாக ஒலித்தது.

போட்டாள். ஒரு விரல். பாத்திரம் நின்றது.

அணைத்தாள். இரண்டு விரல்.

சுவிட்சில் கை வைத்தபடியே அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். "மாமா, அது என்னா வெரலு?"

கண்ணாயிரம் விரலை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், காணாமல் போய்விடக் கூடாது என்பதுபோல. "எது?"

"லைட்டப் போட்டா ஒத்த வெரலு. அணைச்சா ரெண்டு."

"அதும்மா... ஒத்த விசிலுன்னா வண்டி நிக்கணும். ரெண்டு விசிலுன்னா போவலாம். மீட்டிங் நடக்கறப்ப வீட்ல விசில் அடிக்க முடியுமா? அதான்."

"இப்ப ஏது மாமா மீட்டிங்? இப்பதான வந்தேன்."

"லைட்டு எரிஞ்சுதுல்ல."

"லைட்டு எரிஞ்சா மீட்டிங்கா?"

கண்ணாயிரம் அவளைக் குழப்பத்துடன் பார்த்தார். "நீதானம்மா சொன்ன."

"நானா?"

"தம்பி சிங்கப்பூரு போன மறுவாரம். நீ உள்ள பேசிக்கிட்டு இருக்கறப்ப குக்கர் விசில் அடிச்சிருச்சு. அந்தப் பக்கம் யாரோ சிரிச்சாங்களாம். நீ கண்ணத் தொடச்சுக்கிட்டு வெளிய வந்து, 'மாமா, லைட்டு எரியறப்ப மட்டும் சத்தம் இல்லாம இருந்தா நல்லாருக்கும், அத்தகிட்ட சொல்லுங்க'ன்ன. சொல்லிட்டேன்."

வெண்மதி அந்த நாளை நினைவில் தேடினாள். குக்கர் கிடைத்தது. சிரிப்பு கிடைத்தது. அந்த வாக்கியம் கிடைக்கவில்லை. தொண்டையிலிருந்து எப்போதோ பறந்துபோன பறவை. இங்கே வந்து கூடு கட்டி மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறது.

"ஒரு நாள் சொன்னேன் மாமா. அன்னிக்குச் சொன்னது."

"டிப்போவுல ஆர்டர் ஒட்டிட்டாங்கன்னா, மறு உத்தரவு வர்ற வரைக்கும் அதான் ரூலு. நீ மறு உத்தரவு போடவே இல்லியேம்மா."

"அதுக்காவ ஒன் ரூமுக்கு என்னா பேரு தெரியுமா எங்க ரூட்டுல?" என்றாள் இருசம்மாள். வாசலைப் பிடித்தபடி வெளியே வந்திருந்தாள். "அடுப்படி செதம்பரம். கொல்லை முட்லூரு. கூடம் புதுச்சத்திரம். ஒன் ரூமு மஞ்சக்குப்பம். கோர்ட்டு இருக்கற எடம், ஹாரன் அடிக்கக் கூடாது."

"அதுக்கா குக்கர்ல வைக்காம சோறு வடிக்கறீங்க?"

"பின்ன? விசில எப்படிக் கட்டி வைக்கறது? இட்லிக்கு அரைக்கறது, சட்னிக்கு அரைக்கறது எல்லாம் மாலதி வீடு. காலைல எழுந்து நீ லைட்டப் போட்டா ராத்திரி படுக்கறப்பத்தான் அணையும். பொண்ணு எம்மாம் மீட்டிங்தான் பேசுதுன்னு இவரு பாவப்படுவாரு."

வெண்மதி தரையைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லாமல் இருக்க ஒரு நொடி ஆசையாக இருந்தது.

"நாலு மணிக்கே வேலை முடிஞ்சிரும் அத்தே."

"அப்புறம்?"

"அப்புறம்... கதப் புஸ்தகம் படிப்பேன். ரூமு இருட்டா இருக்குதுன்னு லைட்டு போட்டிருப்பேன்."

கண்ணாயிரம் அணைந்து கிடந்த டியூப்லைட்டை எட்டிப் பார்த்தார். 

"கதப் புஸ்தகம்," என்றாள் இருசம்மாள் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. "மூணு வருசமா ஒரு கதப் புஸ்தகத்துக்கா நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்? ஏங்க, கேட்டீங்களா? இந்த மனுசன் தும்மறதுக்குக் கொல்லைக்கு ஓடுனாரே!"

"மழையில ஒருநாள் நனைஞ்சுக்கிட்டே தும்முனேன்," என்றார் கண்ணாயிரம், சாட்சி சொல்வதுபோல.

இருசம்மாள் சிரித்தாள். விக்கலில் முடியும் அதே சிரிப்பு. அதை இவ்வளவு அருகில் கேட்டதும் வெண்மதிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் என்மேல கோவமா இருக்கீங்கன்னு நெனைச்சேன்."

"கோவமா? எதுக்கு?"

"தெரியல. பேசவே மாட்டீங்களா, அதான்."

இருசம்மாள் அவள் தலையில் ஒட்டியிருந்த பேருந்துத் தூசியை விரலால் எடுத்தாள். 

* * *

நாலே முக்காலுக்கு மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தேநீர் டம்ளர்கள். கலைமணியின் நிபந்தனையை வெண்மதி சொல்லி முடித்திருந்தாள்.

"பத்து நிமிசம் சத்தம் கேக்கக் கூடாது, அவ்வளவுதான?" என்றாள் இருசம்மாள். "இது ஒரு விசயமா? நீ உள்ள போய் லைட்டப் போட்டுக்கிட்டு உக்காரு. நாங்க மூச்சு விடமாட்டோம்."

"பத்து நிமிசத்தோட முடியாது அத்தே. வீட்ல இருந்து வேலைன்னா நாள் பூராவும் அப்படித்தான் இருக்கணும். தெனம்."

"மூணு வருசம் இருக்கலியா?"

"ஆபீசுன்னா எட்டேகால் வண்டி வேணாம்," என்றார் கண்ணாயிரம் யாரையும் பார்க்காமல். "கும்பல் ஜாஸ்தி. ஏழு அம்பது வண்டி காலியா வரும். இடது பக்கம் உக்காந்தா வெயில் விழாது. இன்னிக்கு எந்தப் பக்கம் உக்காந்த?"

"வலது பக்கம் மாமா."

"அதான் மொகம் கறுத்துக் கெடக்கு."

"நீங்க சும்மா இருங்க," இருசம்மாள் அவரை வெட்டினாள். "ஒங்களுக்கு வீட்டுல இருந்து ஒரு ஆளு ஒங்க ரூட்டுல போவணும். அந்த ஆசை. மூணு மணி நேரம் பொண்ணு பஸ்ஸுலயே கெடக்கணுமா?" பிறகு வெண்மதியின் பக்கம் திரும்பினாள். குரல் தானாகத் தணிந்தது, லைட் எரிந்ததுபோல. "நீ உள்ள டொக்கு டொக்குன்னு தட்டறது அடுப்படி வரைக்கும் கேக்கும். காலைல அது ஆரம்பிச்சாத்தான் எனக்கு வேலையே ஓடும். தம்பி போன பொறவு இந்த வீடு எப்படி இருந்துருக்கும், நெனைச்சுப் பாரு. நான் பேசாம இருந்தேனே தவிர, தனியா இல்லம்மா."

வெண்மதி டம்ளரின் விளிம்பை விரலால் சுற்றினாள். ஒரே கதவு. இந்தப் பக்கம் ஒருத்திக்கு அது துணையாக இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஒருத்திக்குச் சுவராக.

"நான் தனியாத்தான் இருந்தேன் அத்தே."

இருசம்மாள் தன் தேநீரில் பாதியை அவள் டம்ளரில் ஊற்றினாள். 

காலையில் என்றால் பதில் எளிது. அலுவலகம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பாள். இப்போது அப்படி இல்லை. இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கு இன்று மதியம்தான் முதல்முறையாக மனமில்லாமல் போயிருந்தது. ஆனால் அவள் இருந்தால் வீடு இருக்காது. அவள் போனால், முட்லூரும் புதுச்சத்திரமும் பகல் முழுக்கக் கூவிக்கொண்டு கிடக்கும், சாயங்காலம் வந்து கேட்டுக்கொள்ளலாம். வழியில் மூன்று மணி நேரம் புத்தகத்தில் பனி பெய்யும். முப்பது ரிப்போர்ட் பன்னிரண்டாகும். 'சாப்டியா?' என்று பன்னிரண்டு பேர் கேட்பார்கள். அடுப்படியில் ஒருத்திக்கு டொக்கு டொக்கு கேட்காது.

எந்த நாவலிலும் இந்த இடத்தில் அத்தியாயம் முடிந்துவிடும். இங்கே கடிகாரம் நாலு ஐம்பத்தெட்டு காட்டியது.

அவள் எழுந்தாள். தன் அறைக்குப் போகவில்லை. சமையலறைக்குப் போய், மூடி போட்டபடி இருந்த மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்து மேசையில் வைத்தாள். மூன்று மணிக்குக் கேட் கிறீச்சிட்டபோது நிறுத்தியது அப்படியே ஜாரில் இருந்தது. தேங்காய் பாதி அரைபட்டு, பாதி துருவலாக. ஒயரைச் சுவரில் சொருகினாள்.

"என்னாம்மா பண்ற?" என்றார் கண்ணாயிரம்.

வெண்மதி நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் வீடுன்னுதான் சொல்லப் போறேன் மாமா. எனக்கு வீட்ல இருக்கத்தான் ஆசையா இருக்கு. இன்னிக்கு வந்த ஆசை. ஆனா ஒங்க வாய மூடிட்டு எனக்கு அந்த வேலை வேணாம். அத நான் முடிவு பண்ணா, 'சரிம்மா, நாங்க பேசல'ன்னுதான் சொல்லுவீங்க. அதனால நான் முடிவு பண்ணப் போறதில்ல."

"புரியலியே," என்றாள் இருசம்மாள். ஆனால் அவள் பார்வை சுவிட்சுக்குப் போய்விட்டிருந்தது. புரிந்துவிட்டது.

"மிக்ஸி ஓடுனா, நாளைலேர்ந்து ஏழு அம்பது வண்டி. ஓடலன்னா, பழையபடி நான் உள்ள, நீங்க வெளிய. எது வேணுமோ, அத நீங்கதான் பண்ணணும்."

"என் தலைல கட்டறியே, வெண்மதி."

"மூணு வருசம் நான் சொன்னத நீங்க கேட்டீங்க. ஒரு தடவ நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்."

போன் அதிர்ந்தது. மேசையின் மேல், டம்ளர்களுக்கு நடுவே, சின்னப் பூச்சிபோல நகர்ந்தது. திரையில் கலைமணியின் பெயர்.

கண்ணாயிரத்தின் கை பாதி உயர்ந்தது. ஒரு விரலா, இரண்டு விரலா என்று தெரியாமல் காற்றில் நின்றது.

இருசம்மாள் எழுந்து மேசையருகே வந்திருந்தாள். தேங்காய்த் துருவல் ஒட்டிய அவள் கை, மிக்ஸியின் திருகியின் மேல் இருந்தது. திருகவில்லை. எடுக்கவுமில்லை.

வெண்மதி போனை எடுத்துக் காதில் வைத்தாள். "வணக்கம் மேடம். ஆமா, வீட்லதான் இருக்கேன். வீட்ல இருந்தே பாக்கறேன்."

"சரி," என்றது அந்தக் குரல். "பத்து நிமிஷம். இப்ப ஆரம்பிக்குது."

வெண்மதி போனைக் காதிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். தான் மறு உத்தரவு போடும்வரை அந்தக் கை திருகாது என்று தெரிந்தது. காலையில் பேருந்தில் வந்த பூக்காரிக்குக்கூடக் கேட்டிருக்கும் குரலில் சொன்னாள்:

"அத்தே, அந்த மிச்சத்த அரைச்சிருங்க."